அக்காவை மேலிருந்து எடுத்த படம்

கல்யாண வீடியோ எடுப்பது இருபது வருடமாக என் தொழில். தாலி கட்டும் நேரத்தில் மற்ற கேமராக்களெல்லாம் பெண்ணின் கழுத்தையும் மாப்பிள்ளையின் விரல்களையும் எடுத்துக்கொண்டிருக்கும்போது, நான் கொஞ்சம் நகர்ந்து பெண்ணின் அப்பாவைப் பார்ப்பேன். லுக்குட் பட்டணத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் அப்படி ஓர் அப்பா, அட்சதை தூவ வேண்டிய கையால் தன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தார். அந்த விரல்களை மட்டும் ஆறு விநாடி எடுத்தேன். வீடியோவைக் கொடுத்த பிறகு கல்யாணப் பெண் போன் செய்து, அந்த ஆறு விநாடியை மட்டும் தனியாக அனுப்பச் சொன்னாள்.

கேமராவை எங்கே வைத்தால் ஒரு மனிதர் தெரிவார் என்பது எனக்குத் தெரியும் என்ற நினைப்பு அன்றிலிருந்து எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்த நினைப்போடுதான் என் அக்காவைப் படம் எடுக்கப் போனேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கோலா சாவா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், களைக்கு மருந்து அடிக்கும் கூட்டத்தை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கிறாள். நாங்கள் பிறந்ததும் அதே தோட்டம்தான். அப்போது பாதி ரப்பர், பாதி செம்பனை; இப்போது மலை மேடெல்லாம் செம்பனை. எங்களோடு லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் ரந்தாவுக்கும் சிரம்பானுக்கும் போய்விட்டார்கள். நானும் படித்து, போட்டோ கடையில் வேலை பழகி, கல்யாணம் செய்துகொண்டு ரந்தாவ் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். அக்கா அங்கேயே இருந்தாள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

எங்கள் அப்பா இறந்தபோது அக்கா மூன்றாம் படிவத்தில் இருந்தாள். அந்த வருடமே படிப்பை நிறுத்திவிட்டுக் காட்டு வேலைக்குப் போனாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதைச் சொல்லாமல் அனுப்பமாட்டாள். "பெரியவ தன் படிப்ப விட்டா. அதனாலதான் சின்னவ ஆளானா." நான் அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தேன். புதுச் சட்டை போட்டாலும், பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும், பிறகு சொந்தமாகக் கடை திறந்தபோதும் அது என் காதில் கேட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ரந்தாவ் பக்கத்திலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குறும்படங்கள் போடப் போவதாகச் சொன்னார்கள். உழைக்கும் பெண்களைப் பற்றி, பத்து நிமிடத்துக்குள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தரலாம். எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னையா? நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்றாள்.

"உன் வேலைய எடுக்கப் போறேங்க்கா. பத்து நிமிசந்தான்."

"வேலை நேரத்துல நின்னு போஸ் குடுக்கல்லாம் முடியாது லா. சின்னத் தொரகிட்ட ஒரு வார்த்த கேட்டு வைக்கிறேன். வா."

மூன்று நாள் காலையில் போனேன். அக்காவின் கூட்டத்தில் ஏழு பெண்கள், எல்லாரும் இந்தோனேசியாவில் லொம்போக் தீவிலிருந்து வந்தவர்கள். முதுகில் மருந்துத் தோம்பு, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, முகத்தில் கவசம். செம்பனை மரங்கள் சரிவில் படிப்படியாக நிற்கும். நான் மேலே மண் பாதையில் முக்காலியை ஊன்றிக்கொண்டு, கீழே வரிசைகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்த அக்காவை எடுத்தேன். மேலிருந்து பார்த்தபோது அவ்வளவு பெரிய மட்டைகளுக்கு அடியில் அவள் ஒரு நீலத் தொப்பியாகத் தெரிந்தாள். அது எனக்குப் பிடித்தது.

சிரம்பானில் ஒருமுறை இரண்டு நாள் வகுப்புக்குப் போயிருந்தேன். கேமரா மேலிருந்து பார்த்தால் ஆள் சிறுத்துப் போவார், கீழிருந்து பார்த்தால் பெருத்துத் தெரிவார், முகத்துக்கு அருகில் போனால் மனசுக்குள் போன மாதிரி இருக்கும் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் அத்துப்படி. அக்காவின் விரல் நகங்களில் மருந்தின் நீலக் கறை இருந்தது. அதைக் குளோசப்பில் எடுத்தேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அவள் சோறு தின்றதை, தூரத்தில் நின்று பெரிய லென்ஸ் போட்டு, அவள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தேன். வேலை முடிந்து செம்மண் ரோட்டில் அவள் முதுகைக் காட்டி நடந்து போவதை எடுத்தேன்.

பிறகு கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கோர்த்தேன். நடையை ஸ்லோமோஷனாக்கினேன். புல்லாங்குழல் இசை போட்டேன். கடைசியில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வைத்தேன்: "எனக்காகப் படிப்பை விட்ட என் அக்காவுக்கு." அதைத் தட்டச்சு செய்தபோது எனக்கே அழுகை வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் மோட்டாரிலேயே வந்தாள். அரக்கு நிறப் புடவை, மடியில் ஹெல்மெட். நான் இரண்டாவது வரிசையில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். எங்கள் படம் நான்காவதாக வந்தது. குளோசப்பில் அந்த நீல நகங்கள் திரை முழுக்க வந்தபோது பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கடைசி எழுத்து வந்ததும் பலத்த கைதட்டல். அக்காவும் தட்டினாள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டிங்கம்மா" என்றார்.

"இல்லியேங்க" என்றாள் அக்கா. அந்த அம்மாளுக்கு அது காதில் விழவில்லை.

வெளியே வந்து, மோட்டார்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தபோது அக்கா கேட்டாள்.

"அந்தப் பொம்பள யாரு பாப்பா?"

எனக்கு நாற்பத்தைந்து வயது ஆன பிறகும் அவளுக்கு நான் பாப்பாதான். "கையப் புடிச்சாங்களே, அவங்களா? தெரியலக்கா."

"அவங்க இல்ல. படத்துல இருந்தவ. ரொம்பப் பாவமா இருந்துச்சு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. பார்த்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "வா, பசியாறலாம்" என்று பெரிய ரோட்டில் இருக்கும் பாய் கடையைக் காட்டினாள்.

பாய் கடையில் காலைக் கூட்டம் குறைந்திருந்தது. ஆளுக்கு ரெண்டு தோசை சொன்னோம். அக்கா ஹெல்மெட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ ஏன் மேலயே நின்ன?"

"மேடு அங்கதான இருந்துச்சு."

"கீழ வர வழி இருந்துச்சே. நாங்க எட்டுப் பேரும் அதுலதான எறங்கினோம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேலிருந்து எடுத்தால் தோட்டத்தின் பரப்பு தெரியும், மனிதரின் சிறுமை தெரியும் என்றெல்லாம் விளக்கம் என்னிடம் இருந்தது. யாருடைய சிறுமை என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன்.

"தனியா குந்திக்கிட்டு சோறு தின்ற மாதிரி காட்டியிருக்க" என்றாள். "அன்னிக்கு அங்க எல்லாரும் இருந்தோம். அவளுங்க எங்க போனாளுங்க?"

"அது குளோசப்புக்கா. மொகத்த மட்டும் எடுத்தா மத்தவங்க வரமாட்டாங்க."

"நான் தின்னதே அவளுங்க கொண்டாந்த சம்பல்தான். அந்தச் சின்னப் பொண்ணு அதுல பெலாச்சான் கூடப் போட்டுட்டான்னு அன்னிக்கு எவ்வளவு சிரிப்பு. நீதான் பாத்துக்கிட்டு இருந்தியே."

தோசை வந்தது. பாய் கறிக் குழம்பை ஊற்றிவிட்டு, இன்றைக்கு என்ன புடவையெல்லாம் பலமாக இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டார். "தங்கச்சி என்னைய வச்சுப் படம் எடுத்திருக்கா பாய்" என்று பெருமையாகத்தான் சொன்னாள். அவர் போன பிறகு தோசையைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"கடைசியில எழுதியிருந்தியே. உனக்காகப் படிப்ப விட்டேன்னு. அது யாரு சொன்னா?"

"அம்மாதான் சொல்லும். எப்பவும் சொல்லுமே."

"அம்மாவுக்கு அப்படிச் சொல்லிக்கறது நல்லா இருந்துச்சு. நானும் விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மென்றாள். "அப்பா சாகறதுக்கு மூணு மாசம் முந்தியே நான் ஸ்கூலுக்குப் போறத நிப்பாட்டிட்டேன் பாப்பா. காலையில யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு கெளம்புவேன். ஆத்தோரத்துல போய் குந்தியிருப்பேன். பஸ்ஸு திரும்பி வர நேரத்துக்கு வீட்டுக்கு வருவேன். எனக்கு நாற்காலியில குந்திப் படிக்கறது ஆகவே ஆகாது. காட்டு வேலன்னா புடிக்கும். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அவரு செத்துப் போயிட்டாரு. எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காங்க, எனக்கு மனசுல, இனி ஸ்கூல் இல்லன்னு ஒரு நிம்மதி வந்துச்சு. அத நெனச்சா இன்னிக்கும் வெக்கமா இருக்கு."

அக்காவின் கண்ணில் தண்ணீர் இல்லை. தோசையின் கடைசித் துண்டால் தட்டைத் துடைத்துத் தின்றாள். "அதனால அந்த எழுத்த எடுத்துரு. எனக்கு அது சேராது" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம். முப்பது வருடமாக அவள் சொன்ன எதற்கும் நான் மறுப்புச் சொன்னதில்லை. அம்மா படுத்துக் கிடந்த காலத்தில், அக்கா பார்த்துக்கொண்டது போதும் என்று நானே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு எடுப்பதைவிட நல்ல புடவையாக அவளுக்கு எடுத்தேன். அதெல்லாம் எதற்கு? கிளம்பும்போது அவள் மோட்டாரை உதைத்துவிட்டு, "வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்றாள். அவள் வளைவில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இடக்கையை நீட்டி சிக்னல் காட்டி, தோளை நிமிர்த்திப் போனாள். என் படத்தில் இருந்த முதுகுக்கும் அந்த முதுகுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு வாரம் போன் செய்யவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம், கடையில் வேலை இல்லாத நேரத்தில், அந்த மூன்று நாள் எடுத்ததையெல்லாம் வெட்டாமல் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதிலிருந்து ஒன்பதரை நிமிடம்தான் எடுத்திருந்தேன்.

நீல நகங்களின் குளோசப்பை நான் வெட்டிய இடத்துக்கு அடுத்த விநாடியில், அக்கா விரல்களைச் சுண்டி லென்ஸின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுச் சிரிக்கிறாள். நான் "அக்கா!" என்று கத்துகிறேன். ரோட்டில் முதுகைக் காட்டி நடந்து போவது, சாமான் ஏற்றாமல் கிளம்பிய லாரியை நிறுத்தத்தான். உண்மையான வேகத்தில் பார்த்தால் அந்த நடையில் களைப்பே இல்லை; அவசரம்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து நான்தான் அவளைக் களைத்தவளாக்கியிருக்கிறேன். சோறு தின்னும் இடத்தில், கேமரா அவள் முகத்துக்குள் போவதற்கு முன்பு ஒரு நிமிடம் அகலமான காட்சி இருக்கிறது. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சம்பல் கிண்ணம். ஒருத்தி அக்காவின் முதுகில் சாய்ந்துகொண்டு தின்கிறாள்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சங்கடமாக இருந்தது வேறொன்று. என் படத்தில் அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. புல்லாங்குழலுக்காக எல்லா ஒலியையும் மௌனமாக்கியிருந்தேன். இப்போது கேட்டால், நான்கு மணி நேரமும் அவள் குரல்தான். மலாய் பாதி, தமிழ் பாதி. "காத்து எந்தப் பக்கம் அடிக்குது பாரு" என்பதை இரண்டு பாஷையும் கலந்து அவள் கத்துவதும், அந்தப் பெண்கள் தோம்பைத் திருப்பிக்கொண்டு நிற்பதும், "ஆயோ, ஆயோ" என்று அவள் விரட்டுவதும், ஒருத்தி அவளைப் போலவே பேசிக் காட்டுவதும். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இவ்வளவையும் கேட்டது நான்தான். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கியதும் நான்தான்.

ஒரு படத்தில் கேமரா நிற்கும் இடம் அதில் வருபவரைப் பற்றிச் சொல்லும் என்று கேட்டிருக்கிறேன். என்னுடைய படம் என்னைப் பற்றித்தான் சொல்லியிருந்தது. நான் பட்ட கடனுக்கு ஏற்ற மாதிரி ஒரு பாவப்பட்ட அக்கா எனக்குத் தேவைப்பட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் போன் செய்தேன். "இன்னொரு தடவ எடுக்கட்டுமாக்கா?" என்றேன்.

"இன்னொன்னா? யாரு பாக்கப் போறா?"

"நீதான்."

அந்தப் பக்கம் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தாள். "மழ புடிக்கறதுக்கு முந்தி வா. கீழ எறங்கி நடக்கணும், சேலகீல கட்டிக்கிட்டு வந்துராத" என்றாள்.

இந்தத் தடவை முக்காலியும் பெரிய லென்ஸும் எடுத்துப் போகவில்லை. கையில் ஒரு கேமரா மட்டும். முதல் நாள், போன தடவை செய்ததற்கு ஈடுகட்டுகிற வேகத்தில், தரையில் உட்கார்ந்து அவளைக் கீழிருந்து எடுத்தேன். பின்னால் வானம், இருபக்கமும் செம்பனை மட்டைகள், நடுவில் இடுப்பில் கை வைத்த அக்கா. இடைவேளையில் சின்னத் திரையில் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னடி இது, எலக்சன் போஸ்டராட்டம்?" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி அக்காவுக்கு சல்யூட் அடித்தாள்.

அதற்குப் பிறகு அவளோடு நடந்தேன். அவள் கண் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, அவள் நின்றால் நின்று, இறங்கினால் இறங்கி. அவள் என்னைவிட வேகமாக நடந்தாள். சரிவில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். இரண்டு முறையும் படத்தில் முதலில் வானம் வருகிறது, பிறகு அக்காவின் கை வருகிறது.

இரண்டாம் நாள்தான் அது நடந்தது. விடியுமுன்பே பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். ஆபீஸ் விளக்கு வெளிச்சத்தில் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி, எல்லாரும் தெரிகிற மாதிரி கேமராவைப் பிடித்திருந்தேன். முகக் கவசத்துக்கு மாற்ற வேண்டிய புது வடிகட்டிகள் ஸ்டோரில் இல்லை என்று தெரிந்தது. பழையவை தேய்ந்துவிட்டன. சின்னத் துரை, அதாவது உதவி மேனேஜர், ஈப்போ பக்கத்திலிருந்து வந்த தமிழ் இளைஞர், ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னிக்கு ஒரு நாளு துணியக் கட்டிக்கிட்டு அடிக்கச் சொல்லுங்கம்மா. சாமான் நாளைக்கு வந்துரும்" என்றார்.

"துணியக் கட்டிக்கிட்டு மருந்து அடிக்க முடியாது சார். இன்னிக்கு வேற வேலை குடுங்க. மட்டை அடுக்கறோம்."

"இந்தப் பிளாக்கு ஏற்கனவே லேட்டு."

"லேட்டுதான் சார். ஆனா துணியோட அனுப்பமாட்டேன்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது கேமராவைப் பார்த்துவிட்டார். அவருடைய தோள்கள் இறுகின. குரல் உயர்ந்தது. "நான் சொன்னா சொன்னதுதான். யாரு மேனேஜ்மெண்ட்டு இங்க?" என்றார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை ஆடாமல் வைத்திருந்தேன். இதுதான் படம் என்று எனக்குத் தெரிந்தது. இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு காட்சி கிடைத்ததில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, அத மூடு."

நான் தயங்கினேன். அவள் மறுபடி சொல்லவில்லை; பார்த்துக்கொண்டே நின்றாள். மூடினேன். லென்ஸ் மூடியையும் போட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அக்கா அவரோடு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள். குரலை உயர்த்தாமல் பேசினாள். அவர் முதலில் முடியாதென்று தலையாட்டினார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு போனை எடுத்தார். அடுத்த டிவிஷன் ஸ்டோருக்குத்தான் பேசினார் என்று பிறகு தெரிந்தது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. சாமான் வரும் வரை மட்டை அடுக்குவது, வந்த பிறகு மருந்து. அவர் ஆபீஸுக்குத் திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டும் போனார்.

"ஏங்க்கா மூடச் சொன்ன? அவரு பேசினது தெரிஞ்சா எல்லாருக்கும் நல்லதுதானே" என்று கேட்டேன். எனக்கு அந்தக் காட்சி போன வருத்தம்.

"கேமராவுக்கு முன்னால அந்தப் பையனால எறங்கி வர முடியாது பாப்பா. அவன் நல்ல பையன்தான். பாத்தியா, அதப் பாத்ததும் அவன் எப்படி வெறச்சிக்கிட்டான்னு? எனக்கு அவன் தோக்கணும்னு இல்ல. இவளுங்களுக்கு மூக்குக்குச் சாமான் வரணும். அவ்வளவுதான்." தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

ஒன்பது மணிக்கு மேல் லாரியில் அட்டைப் பெட்டி வந்தது. அப்போது கேமராவைத் திறந்தேன். அருகில் போகவில்லை. ரோட்டோரத்தில் நின்று எட்டுப் பேரையும் ஒரே காட்சிக்குள் வைத்து, வெட்டாமல் நான்கு நிமிடம் எடுத்தேன். பெட்டியைப் பிரிக்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தலைக்குப் பின்னால் வாரைக் கட்டுகிறாள். அக்கா ஒவ்வொருத்தியின் கன்னத்தோரத்திலும் விரலை விட்டு, இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கிறாள். எல்லாருக்கும் முடிந்த பிறகுதான் தன்னுடையதைப் போட்டுக்கொள்கிறாள். அதன் வார் தொப்பியில் சிக்கிக்கொள்ள, பின்னாலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டுகிறார்கள்.

அந்தப் படம் பதினான்கு நிமிடம் வந்தது. இசை இல்லை, எழுத்தும் இல்லை. பெரட்டில் நடந்த சண்டை அதில் இல்லை. வரிசையாக நிற்கும் ஏழு பேர், அதற்கடுத்து அந்த நான்கு நிமிடம். நடுவில் என்ன நடந்திருக்கும் என்பது அக்கா கன்னத்தைத் தடவிப் பார்க்கும் விதத்திலேயே தெரிகிறது என்று எனக்குத் தோன்றியது. தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டேன். ஏழு பேரும் குளித்து, பவுடர் பூசி, பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் குரலைக் கேட்டுக் கூச்சப்பட்டார்கள். நான் விழுந்த இடத்துக்கு இரண்டு முறை பின்னால் போகச் சொன்னார்கள். அக்கா சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். முடிந்ததும், "கொஞ்சம் நீளம். அந்த மட்டை அடுக்கறது அவ்வளவு தேவையில்ல" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் கோப்பி கலக்கினாள். நானும் பின்னால் போனேன்.

"போன படத்த அழிச்சிட்டேங்க்கா" என்றேன்.

"ஏன் அழிச்ச? நகம் நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். கோப்பியில் பால் ஊற்றிக்கொண்டே, "அம்மா இருந்திருந்தா அதத்தான் பாத்து அழுதிருக்கும்" என்றும் சொன்னாள். இருவரும் சிரித்தோம். அப்பாவைப் பற்றியும் ஆற்றோரத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் எனக்கு இல்லாமல் போனது. அந்த வருடத் தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே மாதிரிப் புடவை எடுத்தேன். நிறம் பிடிக்கவில்லை என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப உனக்குப் புடிச்சத நீயே கடையில எடுத்துக்கோ" என்று நானும் விட்டுவிட்டேன்.

படத்தை அந்தப் பெண்கள் போனில் வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்திலேயே சின்னவள், இருபத்திரண்டு வயது, அதை லொம்போக்கில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். நான்கு நாள் கழித்து அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"அவ அம்மா படத்தப் பாத்துட்டு ஒரே அழுகையாம்."

மறுபடியும் அழ வைத்துவிட்டேனா என்று எனக்குத் திக்கென்றது. "ஏங்க்கா?"

"சப்பாத்து பெருசா இருக்காம். மக நடக்கறப்ப ஒவ்வொரு தடவையும் காலத் தூக்கி இழுத்து வைக்கறாளாம். எதுக்கு என் புள்ளைக்கு ஆம்பள சப்பாத்து குடுத்திருக்காங்கன்னு கேட்டுச்சாம். இவளக் கூப்புட்டுக் கழட்டச் சொன்னேன். உள்ள துணியச் சுருட்டி வச்சிருக்கா. வந்ததுலேருந்து அப்படித்தான் நடக்கறாளாம். கேட்டா வேலைக்கு வேணாம்னு சொல்லிருவாங்களோன்னு பயமாம். எட்டு மாசமா பக்கத்துல நிக்கறேன், எனக்குத் தெரியல பாரு."

படத்தை எத்தனையோ தடவை பார்த்த எனக்கும் தெரியவில்லை. நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அகலமாக, எல்லாரையும் உள்ளே வைத்து எடுத்ததால் அந்தக் கால்களும் ஓரத்தில் இருந்திருக்கின்றன. எங்கோ தீவில் இருக்கும் ஓர் அம்மா, அங்கே மட்டும் பார்த்திருக்கிறாள்.

மறுநாளே அக்கா ஸ்டோரில் சொல்லி ஐந்தாம் நம்பர் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல், மோட்டாரை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு மாடியேறி வந்தாள். கல்யாணப் படம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்த என்னை நகரச் சொல்லி, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நம்ம படத்தப் போடு" என்றாள். "நீ வெட்டிப்போட்டது இருக்குல்ல, அதையும் போடு. மத்தவளுங்க காலையும் பாக்கணும்."

கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டாள். பதினான்கு நிமிடப் படமும், முதல் தடவை எடுத்து வெட்டாமல் வைத்திருந்த நான்கு மணி நேரமும் என அன்று மதியம் முழுக்க ஓடியது. யார் முகத்தையும் பார்க்காமல், திரையின் கீழ் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வப்போது அவள் "நிறுத்து" என்பாள்; நிறுத்துவேன். குனிந்து பார்த்துவிட்டு, "இவளுக்குச் சரியாத்தான் இருக்கு. ஓட்டு" என்பாள்.